புழல் ஏரியை விட வீட்டு டிரம் ஆபத்தா? சின்னக் குழந்தைகள் தண்ணீரில் மூழ்குவதைத் தடுப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வடசென்னையில் எல்லார் கண்ணும் புழல் ஏரி மேலதான். மொத்தக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, உயரம் சுமார் 21 அடி. நீர்மட்டம் ஏற ஏற உபரிநீர் திறப்பு அறிவிப்பு வரும். நாரவாரிக்குப்பம், வடகரை, வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் என கால்வாய் ஓரப் பகுதிகளுக்கு வெள்ள எச்சரிக்கை போகும். 'பிள்ளைங்கள கரைப் பக்கம் விடாதீங்க' என்ற பேச்சு தெருவுக்குத் தெரு கேட்கும்.

அந்த எச்சரிக்கை தேவைதான். ஆனால் குளிக்கப் போகும் மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும்தான் அது அதிகம் பொருந்தும். ஒன்றரை வயதுக் குழந்தை தனியாக ஏரிக்கு நடந்து போவதில்லை. அதற்கான ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மூடாத சம்ப், வாசலில் நிற்கும் டிரம், பாத்ரூமில் நிரம்பிய பக்கெட்.

எவ்வளவு பெரிய பிரச்சனை?

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இதில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை. இந்தியாவில் 2022-ல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம்.

தமிழ்நாட்டில் 2025-ல் நடந்த இரண்டு மரணங்கள் பலருக்கும் நினைவிருக்கும். ஜனவரியில் விக்கிரவாண்டியில், எல்.கே.ஜி. படித்த சிறுமி பள்ளி வளாகத்தில் இருந்த கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தார். ஏப்ரலில் மதுரையில், மழலையர் பள்ளி ஒன்றின் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து 4 வயதுச் சிறுமி இறந்தார். இரண்டுமே ஆறோ, குளமோ, கடலோ இல்லை. இரண்டிலும் எழுந்த முதல் கேள்வி தொட்டியின் மூடியைப் பற்றியதுதான்.

ஏரி பக்கத்துல, தண்ணி டிரம்முல

சென்னைக்கே குடிநீர் கொடுக்கும் ஏரி புழல். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருவதில்லை. வரும்போது பிடித்து வைக்க வேண்டும். 2019 கோடையில் புழல் உட்பட நகரின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் சொந்த வீடு என்றால் சம்ப், வாடகை வீடு என்றால் டிரம், குடம், பக்கெட். தண்ணீர் சேமிப்பதைத் தவிர்க்க முடியாது. மூடாமல் வைப்பதைத் தவிர்க்கலாம்.

பக்கெட் தண்ணியில எப்படி?

சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். பக்கெட்டை எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால், கையை ஊன்றி எழுந்துகொள்ளும் பலம் இருக்காது. பக்கெட்டும் கனமாக இருப்பதால் சாயாது. மூக்கும் வாயும் மூழ்கும் அளவு தண்ணீர் இருந்தால் போதும்.

இன்னொரு விஷயம், சத்தமே கேட்காது. சினிமாவில் காட்டுவது போல அலறலோ கையாட்டலோ இருக்காது. சில நிமிடங்களில் மூளைக்கு ஆக்சிஜன் நின்றுவிடும். 'சத்தம் கேட்டா ஓடிப் போயிடலாம்' என்று அடுப்படியில் இருந்தபடி காதை மட்டும் நம்புவது இங்கே உதவாது.

பங்களாதேஷ் என்ன செய்தது?

குளமும் வாய்க்காலும் நிறைந்த பங்களாதேஷில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் மரணங்களுக்கு நீரில் மூழ்குவது முக்கியக் காரணம். அம்மா சமையல், வீட்டு வேலை என்று மும்முரமாக இருக்கும் காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரையான நேரத்தில்தான் அதிகம் நடந்தது. அதே 4 மணி நேரத்துக்கு ஊருக்குள்ளேயே 'ஆஞ்சல்' என்ற காப்பகங்கள் தொடங்கப்பட்டன. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அங்கே வந்த குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. 2022-ல் 8,000 மையங்களுக்கான திட்டத்துக்கு அந்நாட்டு அரசே ஒப்புதல் கொடுத்தது.

பெற்றோருக்கு அக்கறை இல்லாததால் இது நடப்பதில்லை. ஒரே ஆள் வேலையையும் குழந்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் நடக்கிறது.

இங்கே என்ன செய்யலாம்?

புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை. டெங்கு தடுப்புக்காக சென்னை மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் சம்ப்பையும் டிரம்மையும் திறந்து பார்க்கிறார்கள். அவர்கள் தேடுவது கொசுப்புழு. 'இந்த மூடி குழந்தை ஏறி நின்றால் தாங்குமா? குழந்தையால் திறக்க முடியுமா?' என்ற இரண்டு கேள்விகளையும் அவர்கள் படிவத்தில் சேர்த்தால், மாதவரம் மண்டலத்தில் வரும் புழலில் எத்தனை மூடி ஆபத்தானது என்ற கணக்கு கிடைத்துவிடும். கொசுவைத் தடுக்கும் நல்ல மூடி குழந்தையையும் காப்பாற்றும்.

அடுத்தது அங்கன்வாடி. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. ஆனால் முன்பருவக் கல்விக்கு 2 வயதுக்கு மேல்தான் சேர்க்கிறார்கள். தவழ்ந்து, நடக்கத் தொடங்கும் 1 முதல் 2 வயதுதான் விடுபடுகிறது. மத்திய அரசின் 'பால்னா' திட்டம் 6 மாதம் முதல் 6 வயது வரை அங்கன்வாடியிலேயே காப்பகம் நடத்த வழி செய்கிறது. பெண்கள் கம்பெனி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் வடசென்னைக்கு இது அவசரத் தேவை. நீரில் மூழ்குவதைத் தடுக்கும் வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரிலேயே வெளியிட்டுவிட்டது. அது வார்டு அளவுக்கு இறங்கி வர வேண்டும்.

வீட்டில் இன்றே செய்ய வேண்டியவை

• சம்ப் மூடிக்குப் பூட்டு போடுங்க. துருப்பிடித்த தகர மூடி, மேலே போட்ட பலகை போதாது.
• லாரி தண்ணி பிடித்து முடித்ததும் முதல் வேலை மூடுவது.
• பயன்படுத்தாத பக்கெட்டைக் காலி செய்து கவிழ்த்து வையுங்க.
• பாத்ரூம் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்க.
• குழந்தையைப் பார்க்கும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் விடாதீங்க. 6 வயதுப் பிள்ளையால் காப்பாற்ற முடியாது.
• நீச்சல் வகுப்பு 6 வயதுக்கு மேல் பலன் தரும். அதற்குக் கீழே மூடியும் பெரியவர் கண்ணும்தான் பாதுகாப்பு.
• குழந்தையைக் காணோம் என்றால் தெருவுக்கு ஓடும் முன் தண்ணீர் உள்ள இடங்களைப் பாருங்க.

விழுந்துவிட்டால்?

தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீங்க. வயிற்றை அமுக்காதீங்க. உப்பில் புதைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய். இதிலெல்லாம் போவது உயிர் காக்கும் நிமிடங்கள்.

ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து 2 முதல் 5 முறை மூச்சு கொடுக்க வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாமல் தொடர வேண்டும். குழந்தை அழுது கண் விழித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது கட்டாயம். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

ஏரி நிரம்புவதை அதிகாரிகள் தினமும் அளந்து சொல்கிறார்கள். வீட்டு டிரம் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அவர்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம் தர வேண்டியது அரசு.