இலண்டன் எந்நாட்டின் தலைநகரம்?



அண்மையில் எங்கள் பள்ளியில் நடைபெற்ற பொது அறிவுப் புதிர்ப்போட்டிக்கு நான் நடுவராக இருந்தேன். வினாக்களைத் தயாரித்தவனும் நானே. 'இலண்டன் எந்நாட்டின் தலைநகரம்?' என்பது அவற்றுள் ஒன்று. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐக்கிய இராச்சியம்" என்று தெளிவாகக் கூறினாள். என் கையிலிருந்த விடைத்தாளிலோ 'இங்கிலாந்து' என்று இருந்தது. "தவறு" என்று கூறிவிட்டு, வினாவை அடுத்த குழுவிற்குக் கொடுத்தேன். அவர்கள் "இங்கிலாந்து" என்றார்கள், புள்ளியும் பெற்றார்கள். போட்டியின் முடிவில் ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் அந்த மாணவியின் குழு தோற்றது.

மறுநாள் காலையில், மகளைப் பள்ளியில் விட வந்த அவளுடைய தந்தையார் என்னைச் சந்தித்தார். அவர் சண்டைக்கு வரவில்லை. "ஐயா, பிள்ளை இரவு சரியாகச் சாப்பிடவில்லை. அவள் சொன்னது தவறுதானா? தவறென்றால் எது சரியென்று சொல்லுங்கள், நான் வீட்டில் எடுத்துச் சொல்கிறேன்" என்றார். "எல்லாம் ஒன்றுதாங்க..." என்று தொடங்கினேன். சொல்லும்போதே நாக் குழறியது. எல்லாம் ஒன்றுதான் என்றால், அந்தப் பிள்ளையின் விடைக்கு நான் ஏன் புள்ளி தரவில்லை?

உண்மையில் இரண்டு விடைகளும் சரியே. இலண்டன் இங்கிலாந்திற்கும் தலைநகரம். ஐக்கிய இராச்சியத்திற்கும் தலைநகரம். தவறு வினாவில் இருந்தது. அதைத் தயாரித்தவனிடம் இருந்தது.

இங்கிலாந்து, பிரித்தானியா, ஐக்கிய இராச்சியம் ஆகிய மூன்று பெயர்களையும் நாம் ஒரே பொருளில் வழங்கி வருகிறோம். அவ்வாறே, அங்கு வாழும் அனைவரையும் 'ஆங்கிலேயர்' என்கிறோம். இது வெறும் சொற்குழப்பம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒரு மக்களை அவர்களுக்குரிய பெயரால் அழைப்பது அறிவு சார்ந்த செயல் மட்டுமன்று. அது மதிப்பு சார்ந்த செயலும் ஆகும்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். 'பெரிய பிரித்தானியா' என்பது ஒரு தீவு. அத்தீவில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என மூன்று நாடுகள் உள்ளன. இவற்றுடன் பக்கத்துத் தீவிலுள்ள வட அயர்லாந்தும் சேர்ந்ததே ஐக்கிய இராச்சியம். டப்ளினைத் தலைநகராகக் கொண்ட அயர்லாந்துக் குடியரசு முற்றிலும் தனி நாடு. எனவே எடின்பரோவில் பிறந்தவரைப் பிரித்தானியர் எனலாம். ஆங்கிலேயர் என்றால் பிழை. டப்ளினில் பிறந்தவரைப் பிரித்தானியர் என்றாலே பிழை.

இந்த அமைப்பு ஒரே நாளில் உருவானதன்று. 1536, 1543 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்து அரசுடன் இணைக்கப்பட்டது. 1603இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையிலும் அமர்ந்தார். அரசர் ஒருவரே எனினும் அரசுகள் இரண்டாகவே இருந்தன. 1707இல்தான் இரண்டும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் வந்தன. 1801இல் அயர்லாந்து சேர்க்கப்பட்டது; 1922இல் அதன் பெரும்பகுதி பிரிந்து சென்றது.

அந்நாட்டுக் கொடியும் இவ்வரலாற்றைச் சொல்கிறது. இங்கிலாந்தின் செஞ்சிலுவை, ஸ்காட்லாந்தின் வெள்ளைக் குறுக்குச் சிலுவை, அயர்லாந்தின் சிவப்புக் குறுக்குச் சிலுவை ஆகிய மூன்றும் அதில் உண்டு. வேல்ஸுக்கு மட்டும் அதில் இடமில்லை. 1606இல் முதற்கொடி வரையப்பட்டபோது வேல்ஸ் ஏற்கெனவே இங்கிலாந்துக்குள் அடங்கிவிட்டதாகக் கருதப்பட்டதே இதற்குக் காரணம்.

காற்பந்தை விரும்பும் மாணவர்களுக்கு இது இன்னும் எளிதில் விளங்கும். உலகின் முதல் அனைத்துலகக் காற்பந்தாட்டமே 1872இல் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்ததுதான். இன்றும் நான்கு நாடுகளும் நான்கு அணிகளாக ஆடுகின்றன. ஆனால் ஒலிம்பிக்கில் ஒரே குழுவாக அணிவகுக்கின்றன. இரக்பி ஆட்டத்திலோ வட அயர்லாந்தும் அயர்லாந்துக் குடியரசும் ஒரே அயர்லாந்து அணியாக ஆடுகின்றன. டென்னிசு வீரர் ஆண்டி மர்ரி ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர். அவர் வென்றால் 'பிரித்தானிய வீரர்', தோற்றால் 'ஸ்காட்லாந்து வீரர்' என்று அந்நாட்டிலேயே ஒரு நகைச்சுவை உலவியது. பெயர்கள் எவ்வளவு வசதியாக இடம் மாறுகின்றன பாருங்கள்!

அவர்களே குழம்பும்போது நாம் குழம்புவதில் என்ன வியப்பு என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், தம் நாட்டிற்கு மட்டும் ஆறு பெயர்கள் வழங்குவதை 1941இலேயே சுட்டிக்காட்டினார். 1966 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆடியது இங்கிலாந்து அணி. ஆனால் அரங்கில் பெருவாரியாக அசைந்தது பிரித்தானியக் கொடி. முப்பது ஆண்டுகள் கழித்து, 1996இன் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில்தான் இங்கிலாந்தின் செஞ்சிலுவைக் கொடி அரங்குகளை நிறைத்தது. இங்கிலாந்து மக்களில் பலர் அதுவரை 'ஆங்கிலேயர்', 'பிரித்தானியர்' என்னும் இரண்டையும் வேறுபடுத்த வேண்டிய தேவையையே உணரவில்லை. எண்ணிக்கையில் பெரியவர்களுக்கு அந்தத் தேவை எழுவது குறைவு. சிறியவர்களே தம் பெயரை நாள்தோறும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தேசிய அடையாளம் பற்றிய வினா 2011இல்தான் முதன்முறையாகக் கேட்கப்பட்டது. அப்போது 57.7 விழுக்காட்டினர் தம்மை 'ஆங்கிலேயர்' என்று மட்டும் குறித்தனர். 'பிரித்தானியர்' என்று மட்டும் குறித்தோர் 19.1 விழுக்காடு. 2021இல் இது தலைகீழானது. 'பிரித்தானியர்' மட்டும் 54.8 விழுக்காடு, 'ஆங்கிலேயர்' மட்டும் 14.9 விழுக்காடு. பத்தே ஆண்டில் இத்தனை கோடி மக்களின் மனம் மாறிவிட்டதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் வழங்கப்பட்ட 2021ஆம் ஆண்டுப் படிவத்தில் விடைகளின் வரிசையை மாற்றிப் 'பிரித்தானியர்' என்பதை முதலில் வைத்திருந்தார்கள். மாற்றத்தின் ஒரு பகுதிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று புள்ளியியல் அலுவலகமே குறிப்பிட்டது. வினாத்தாள் தயாரிக்கும் நமக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. நாம் கேட்கும் முறையே சில வேளைகளில் விடையை உருவாக்கிவிடுகிறது.

மற்ற நாடுகளில் நிலைமை வேறு. ஸ்காட்லாந்தில் 2022இல் 65.5 விழுக்காட்டினர் தம்மை 'ஸ்காட்லாந்தியர்' என்று மட்டுமே குறித்தனர். 2014இல் நடந்த வாக்கெடுப்பில் 55 விழுக்காட்டினர் தனிநாடு வேண்டாம் என்றவர்கள்தாம். ஐக்கிய இராச்சியத்திலேயே இருப்போம் என்று வாக்களித்தவர்களிலும் பலர் தம்மை முதலில் ஸ்காட்லாந்தியராகவே கருதுகின்றனர் என்பது இதனால் விளங்கும். குடியுரிமை வேறு, இன உணர்வு வேறு; இரண்டும் ஒரு மனத்தில் சேர்ந்து வாழ முடியும்.

வேல்ஸின் கதை தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் நெஞ்சைத் தொடக்கூடியது. 'வெல்ஷ்' என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. 'அயலார்' என்னும் பொருளில் பிறர் இட்டது. சொந்த மண்ணிலேயே அவர்கள் அயலார் ஆயினர். தம் மொழியில் அவர்கள் தங்களைக் 'கம்ரி' என்கிறார்கள். ஒரே நாட்டார், உடன் வாழ்வோர் என்பது அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டுத் தண்டித்தார்கள். அத்தகைய மக்களை இன்று நாம் வகுப்பறையில் 'ஆங்கிலேயர்' என்கிறோம். அவர்கள் காதில் விழுந்தால் எப்படியிருக்கும்?

வட அயர்லாந்தில் இப்பெயர்கள் உயிரோடு தொடர்புடையவை. தம்மைப் பிரித்தானியர் என்போருக்கும் அயர்லாந்தியர் என்போருக்கும் இடையிலான பூசலில், முப்பது ஆண்டுகளில் 3,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1998ஆம் ஆண்டு அமைதி உடன்பாடு அருமையான ஒரு வழியைக் கண்டது. அங்குள்ள ஒவ்வொருவரும் தம்மை அயர்லாந்தியர் என்றோ, பிரித்தானியர் என்றோ, இரண்டும் என்றோ கருதிக்கொள்வதும், அவ்வாறே ஏற்றுக்கொள்ளப்படுவதும் பிறப்புரிமை என்று அது கூறியது. 'அவ்வாறே ஏற்றுக்கொள்ளப்படுவது' என்ற பகுதியை நான் அடிக்கோடிட விரும்புகிறேன். தன் பெயரைத் தான் சொல்வது பாதி உரிமை. பிறர் அதை ஏற்பது மறுபாதி.

அந்தப் போராட்டம் இங்கிலாந்திலும் தீரவில்லை. 2022 முதல் 2024 வரை தலைமையமைச்சராக இருந்த ரிஷி சுனாக் இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் பிறந்தவர். அவர் பிரித்தானியர் என்பதை ஏற்பவர்களிலும் சிலர், 'ஆங்கிலேயர் ஆவாரா?' என்ற வினாவை 2025இல் எழுப்பினார்கள். நாட்டையே ஆண்டவருக்கு இந்த நிலை என்றால், இலண்டனில் பிறந்து வளரும் நம் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் என்ன விடை சொல்வார்கள்?

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள்.

ஒன்று, மலாயாவையும் சிங்கப்பூரையும் ஆண்டவர்கள் ஆங்கிலேயர் மட்டும் அல்லர். 1819இல் சிங்கப்பூரின் முதல் ஆளுநர் பொறுப்பாளராக அமர்ந்த வில்லியம் பார்குவார் ஸ்காட்லாந்தியர். அவருக்குப் பின் வந்த ஜான் கிராபர்டும் ஸ்காட்லாந்தியரே. தோட்டத் துரைமார்களிலும் அந்நாட்டினர் நிறைய இருந்தனர். பால்மரம் வெட்டிய என் பாட்டனார் ஒரு துரையைப் பற்றி அடிக்கடி சொல்வார். கிறிஸ்துமஸ் அன்று அமைதியாக இருக்கும் அந்தத் துரை, ஆண்டின் கடைசி இரவில் மட்டும் பங்களா வாசலில் பையோடு கூடிய குழலை ஊதுவாராம். 'இங்கிலீசுத் துரை நாதசுரம்' என்று தோட்டத்தில் அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தில் 1958 வரை கிறிஸ்துமஸ் பொது விடுமுறையாக இல்லை. புத்தாண்டே பெருவிழா என்று பின்னாளில் படித்தபோதுதான், அவர் 'இங்கிலீசுத் துரை' அல்லர் என்று எனக்கு விளங்கியது.

மற்றொன்று, 'பிரித்தானியர்' என்ற பெயர் நம் மண்ணிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, பினாங்கு, மலாக்கா மக்கள் பலருக்குப் பழைய பிரித்தானியக் குடியுரிமையும் நீடித்தது. 1983இல் அது 'கடல்கடந்த பிரித்தானியக் குடிமக்கள்' என்ற தகுதியாக மாறியது. பெயரில் பிரித்தானியா இருந்தது. பிரித்தானியாவில் குடியிருக்கும் உரிமை அதில் இல்லை. பெயருக்கும் உரிமைக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

நான் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது பெரிதொன்றுமில்லை. அரசையும் குடியுரிமையையும் பற்றிப் பேசும்போது 'பிரித்தானியா', 'பிரித்தானியர்' என்போம். இங்கிலாந்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'ஆங்கிலேயர்' என்போம். ஒருவர் ஸ்காட்லாந்தியரோ வேல்ஸ் நாட்டவரோ என்று தெரிந்தால் அப்படியே குறிப்போம். மாணவர் சரியான விடையொன்றைச் சொல்லி, அது விடைத்தாளில் இல்லையென்றால், பிள்ளையைத் திருத்துமுன் விடைத்தாளைத் திருத்துவோம்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளும் தமிழர், இந்தியர், மலேசியர் என்ற மூன்று பெயர்களோடு வளர்கிறார்கள். இவற்றுள் எதையும் மற்றொன்றுக்காக விட்டுவிடத் தேவையில்லை. 'எல்லாம் ஒன்றுதானே' என்று யாரேனும் நம்மிடம் சொன்னால் நமக்கு வலிக்கிறது. அதே சொல்லைத்தான் அன்று காலை நான் அந்தத் தந்தையிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை சபைக்கூடலில் என் பிழையை மாணவர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டேன். மற்றக் குழு சொன்ன விடையும் சரியே என்பதால், தலைமையாசிரியரின் இசைவோடு இரு குழுக்களுக்கும் முதற்பரிசு வழங்கப்பட்டது. பரிசை வாங்கிக்கொண்டு இறங்கிய அந்த மாணவி என்னருகில் வந்து, "ஐயா, அடுத்த ஆண்டு வினாவில் 'ஐக்கிய இராச்சியத்தின் தலைநகரம் எது?' என்று கேளுங்கள். அப்போது ஒரு விடைதான் வரும்" என்றாள். அப்படியே கேட்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வகுப்பறையிலும் இத்தகைய வினாக்கள் எழுந்திருக்கலாம். நீங்கள் எப்படி விளக்கினீர்கள் என்று எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.