இரண்டு நாள் பேர்



இறம்பொடை மலைத் தோட்டங்களில் ஒரு லயன் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே இருப்பது ஒரே சுவர். இரவில் குழந்தை இருமினாலும் அயலவர் அறிவர். அப்படியிருந்தும், ஒரு பெண்ணோ பிள்ளையோ பாலியல் வன்முறைக்கு ஆளாகும்போது அச்சுவரின் இருபுறமும் மௌனமே நிலவுகிறது. குடும்ப மானம் போய்விடும் என்று காயம் மறைக்கப்படுகிறது. மறைத்த காயம் ஆறுவதில்லை.

இம்மௌனம் திருவிவிலியத்துக்குப் புதியதன்று. தாவீதின் மகள் தாமார், தன் சகோதரன் அம்னோனின் வன்முறைக்கு உள்ளாகிக் கதறினாள். அப்சலோமோ அவளைப் பேசாதிருக்கச் சொன்னான். தாவீது சினங்கொண்டார்; ஆயினும் நீதி வழங்கவில்லை (2 சாமு 13). ஈராண்டுகளின் பின் அக்குடும்பத்தில் இரத்தம் சிந்தப்பட்டது.

நம் மலையகமும் இதனை அறியும். நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குச் சென்ற 16 வயதுச் சிறுமி, 2021 ஜூலையில் தீக்காயங்களால் உயிரிழந்தாள். அவள் பாலியல் வன்முறைக்கும் உள்ளாகியிருந்ததாகப் பிரேத பரிசோதனையை அடுத்துச் செய்திகள் வெளிவந்தன. உயிரோடிருந்தபோது கேட்கப்படாத குரல், இறந்தபின் கேட்டது. இந்நிலை இன்னொரு பிள்ளைக்கு வரலாகாது.

நல்ல சமாரியர் உவமையில், காயமுற்றவரைக் கண்டும் முதலில் விலகிச் சென்றவர் ஒரு குரு. குருவாகிய நான் இதனை வெட்கத்துடனேயே வாசிக்கிறேன். வன்முறைக்குள்ளான பெண்ணிடம், "பொறுத்துக்கொள், செபம் செய்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் விலகிச் செல்வதே. சமாரியர், "ஏன் இவ்வழியே வந்தாய்?" என்று விசாரிக்கவில்லை. முதலில் காயத்தைக் கட்டினார் (லூக் 10:30-35).

நாம் முதலில் செய்யவேண்டியதும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதே. குளிக்காமலும், உடுத்திருந்த ஆடையைக் கழுவாமலும் செல்வது நல்லது. குளித்துவிட்டாலும், நாட்கள் கடந்துவிட்டாலும் தயங்காமல் செல்லலாம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும் என்பதால் விரைவு முக்கியம். சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பதிவுசெய்வார். பின்னர் நீதி கேட்க அப்பதிவு துணைநிற்கும். பொலிஸ் முறைப்பாட்டுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டியதில்லை. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பல வைத்தியசாலைகளில் 'மிதுரு பியச' எனப்படும் நட்பு நிலையங்கள் உள்ளன. அங்கே மனந்திறந்து தனிமையில் பேசலாம். அவசர அம்புலன்சுக்கு 1990, பெண்களுக்கான உதவிக்கு 1938, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 ஆகிய இலக்கங்களை வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள்.

மானம் பற்றி ஒரு சொல். பிறர் உடல்மீது புரியும் வன்முறையால் கற்பு அழிவதில்லை என்று புனித அகுஸ்தீனார் 5ஆம் நூற்றாண்டிலேயே 'கடவுளின் நகரம்' நூலில் விளக்கினார். பாவம் செய்தவனுக்கே வெட்கம் உரியது, பாதிக்கப்பட்டவளுக்கு அன்று.

சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரு தெனாரியம் கொடுத்தார். ஒரு தெனாரியம் அக்காலக் கூலியாளின் ஒரு நாள் ஊதியம் (மத் 20:2). நம் தோட்ட வழக்கில் சொன்னால், அவர் கொடுத்தது இரண்டு நாள் பேர். மகளுடன் நுவரெலியா வைத்தியசாலைக்குச் செல்லும் தாய்க்கு அன்றைய பேர் கிடைக்காது. மறுமுறை கிளினிக்குக்குச் செல்லும்போதும் கிடைக்காது. வாகனக் கூலி வேறு. இந்த இரு தெனாரியத்தை நம் அன்பியங்கள் கொடுக்கக்கூடாதா? யாருக்கு, எதற்கு என்று ஊரறியாமல் கொடுக்க நம்மால் முடியாதா? திரும்பி வருவதாகவும் சமாரியர் சொன்னார். வழக்கு நீளும் மாதங்களிலும், இரவில் உறக்கம் வராத நாட்களிலும், அவ்வீட்டுக் கதவை மீண்டும் தட்டும் அயலவரே இயேசு காட்டிய அயலவர்.

ஆண்டவரே, அடுத்த அறையின் அழுகுரலைக் கேட்கும் செவியையும், எழுந்து செல்லும் கால்களையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.