குப்பைக்கு ஊருக்கு ஒரு வழி, அள்ளுவது மட்டும் ஒரே சாதிகளா?

வீட்டுக் குப்பையை ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. புனேயில் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்கள் 1993இல் சங்கமாகத் திரண்டார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். 2008இல் அவர்களுடைய ‘ஸ்வச்’ கூட்டுறவு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. இன்று வீடு வீடாகக் குப்பை வாங்கி, அதற்குக் கட்டணமும் பெறுகிறார்கள். ஆலப்புழையிலோ, நகரக் குப்பையைத் தங்கள் ஊரில் கொட்டக்கூடாது என்று சர்வோதயபுரம் மக்கள் போராடிய பிறகே, வீட்டிலும் வார்டிலும் உரமாக்கும் முறை பரவியது.

சென்னை என்ன செய்தது? கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவித்தது. அள்ளும் வேலையை மண்டலம் மண்டலமாகத் தனியாருக்குக் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் போராடினார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது.

முறைகள் மாறினாலும் அள்ளும் கைகள் மாறவில்லை. சங்கம் இருந்த இடத்தில் மட்டும் அந்தக் கைகளுக்குக் கொஞ்சம் உரிமை கிடைத்திருக்கிறது.

பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். நூல் சிக்கலைப் பொறுமையாகப் பிரிக்கத் தெரிந்த ஊர். மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் கழிவு எனப் பிரித்துத் தருவது வீட்டாரின் கடமை என்று 2016 விதிகள் பேரூராட்சிகளுக்கும் சேர்த்தே சொல்லின. நாம் பிரிக்காமல் கொட்டும் நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் இன்னொருவர் கையால் பிரிக்கிறார். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது எல்லா ஊருக்கும் தெரியும்.

எனவே பேரூராட்சிகளிடம் வண்டியும் தொட்டியும் மட்டும் கேட்டால் போதாது. பணி நிரந்தரமும், முழு ஊதியமும், பாதுகாப்புக் கருவிகளும், அவர்கள் பிள்ளைகளுக்கு வேறு வேலையும் சேர்த்துக் கேட்போம்.