மொழி முற்றம்: வீட்டுத் தமிழும் வெளிநாட்டுச் சொல்லும்

செம்பூரிலிருந்து அம்மையார் ஒருவர் எழுதிய கடிதமே இத்திங்கள் இப்பகுதிக்குப் பொருளாக அமைகிறது. அவருடைய மகன் ஜெர்மனிக்குத் தொழிற்பயிற்சிக்குச் செல்லும் நோக்கத்தோடு ஜெர்மன் மொழி படிக்கிறான். மகள் பள்ளி மாணவி. மாலை வகுப்பொன்றில் ஜப்பானிய மொழி பயில்கிறாள். இருவருக்கும் சொற்கள் மனத்தில் தங்கவில்லை. பல மொழிகளைப் பிள்ளைகள் தலையில் ஏற்றினால் குழப்பமே மிஞ்சும் என்றும், வீட்டில் ஆங்கிலம் ஒன்றே பேச வேண்டும் என்றும் உறவினர் ஒருவர் அறிவுரை கூறினாராம். மூன்று திங்களாக அந்த வீட்டில் தமிழ்ப் பேச்சு நின்றுவிட்டது. ஆங்கிலம் அறியாத மாமியார் பேரப்பிள்ளைகளோடு பேச வழியின்றி இருக்கிறார் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதி, 'நாங்கள் செய்வது சரிதானா?' என்று கேட்டிருக்கிறார் அம்மையார்.

சரியன்று என்பதே நம் விடை. முதியவருக்கு நேர்ந்த வருத்தம் ஒருபுறம் இருக்கட்டும். எந்த மொழிகளின் பொருட்டுத் தமிழை நிறுத்தினார்களோ, அந்த மொழிகளைக் கற்பதற்கே இஃது இடையூறு. இவ்வினா ஒரு வீட்டின் வினாவும் அன்று. 2021 ஜனவரியில் இந்தியா ஜப்பானோடும், 2022 டிசம்பரில் ஜெர்மனியோடும் திறன்பெற்ற தொழிலாளரும் மாணவரும் சென்று வருவதற்குரிய உடன்பாடுகளைச் செய்துகொண்ட பின், நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இம்மொழிகளின் பாடநூல்கள் காணப்படுகின்றன. ஆதலின் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஜப்பானிய மொழியை முதலில் எடுத்துக்கொள்வோம். காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் ஜப்பானியர் 'இத்தெ கிமஸ்' என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். ஆங்கில வழிப் பாடநூல் இதற்கு 'நான் கிளம்புகிறேன்' என்றோ, 'பிறகு சந்திப்போம்' என்றோ பொருள் எழுதி, இது ஒரு மரபுத்தொடர், மனப்பாடம் செய்க என்று கூறிச் செல்லும். தமிழ்ப் பிள்ளைக்கு மனப்பாடம் எதற்கு? 'இத்தெ' என்பது 'போய்'; 'கிமஸ்' என்பது 'வருகிறேன்'. போய் வருகிறேன்! புறப்படும்போது 'போகிறேன்' என்று சொன்னால் நம் பாட்டிமார் எப்படி முகம் சுளிப்பார்கள் என்பதை நாம் அறிவோம். வீட்டிலிருப்பவர் அதற்கு விடையாக 'இத்தெ இரஷ்ஷாய்' என்பார். போய் வாருங்கள் என்பதே அது. சொல்லும், சொல்லின் வரிசையும், இருவர் பேச்சின் அமைப்பும் நம் வாயிற்படியில் நிகழ்வது போலவே இருக்கின்றன. வீட்டில் தமிழ் பேசும் பெண்ணுக்கு இது நொடியில் விளங்கும். தமிழை நிறுத்தி வைத்த வீட்டில் இதற்கு ஓர் இரவு செலவாகும்.

இஃது ஒன்றுதானா என்றால், இல்லை. 'தரெ' என்றால் யார். அதனோடு 'க' என்னும் வினா இடைச்சொல்லைச் சேர்த்துத் 'தரெக' என்றால் யாரோ. 'மொ' என்பது நம் உம்மை. 'தரெமொ' என்று சொல்லி எதிர்மறை வினையால் முடித்தால், யாரும் வரவில்லை, யாரும் இல்லை என்பன போன்ற தொடர்கள் வந்துவிடும். 'நானும்' என்பதில் வரும் உம்மைக்கும் அதே 'மொ'தான். வேற்றுமை உருபுகளும் பெயருக்குப் பின்னரே நிற்கும்: 'டோக்கியோ நி' என்றால் டோக்கியோவுக்கு, 'ஒச்சா ஒ' என்றால் தேநீரை. வினை எப்போதும் இறுதியில். உண்டு பார் என்று நாம் சொல்வதில் 'பார்' என்பது கண்ணால் பார்ப்பதைக் குறிப்பதில்லையே. அவர்களும் உண்பதற்குரிய சொல்லோடு காண்பதற்குரிய 'மிரு' என்னும் வினையைச் சேர்த்தே அப்பொருளைப் பெறுகின்றனர். பளபள, மினுமினு என்று நாம் இரட்டிப்பது போல் அவர்கள் 'பிகபிக', 'கிரகிர' என்று இரட்டுகின்றனர்.

சுட்டுச் சொற்களில் ஒரு சுவையான செய்தி உண்டு. 'கொரெ' என்பது பேசுவோன் அருகில் உள்ள பொருள். 'சொரெ' என்பது கேட்போன் அருகில் உள்ளது. 'அரெ' என்பது இருவருக்கும் எட்ட உள்ளது. இது, அது என்னும் இரண்டே நம் வழக்கில் உள்ளமையால் நடுச்சொல் இங்குள்ள பிள்ளைகளைத் திகைக்க வைக்கும். ஆயின் தொல்காப்பியம் சொல்லும் சுட்டு மூன்று அல்லவா? இடையில் நிற்கும் உகரச் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் 'உது' என்று இன்றும் வழங்குகிறது, அதுவும் பெரும்பாலும் கேட்போன் பக்கத்துப் பொருளுக்கே. 'சொரெ' என்பதற்கு எதிரே 'உது' என்று எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது.

உறவுப் பெயர்களைப் பாருங்கள். அனி என்றால் அண்ணன், அனெ என்றால் அக்காள், ஒதோதொ தம்பி, இமோதொ தங்கை. ஆங்கிலத்தில் மூத்தவர் இளையவர் என்னும் வேறுபாட்டைத் தனி அடைமொழி கொடுத்தே காட்ட வேண்டும். நம் வீட்டில் நான்கும் நான்கு சொற்கள். எண்ணும் முறையிலும் அப்படியே. பொருள்களுக்கு ஹிதொத்ஸு, ஃபுதத்ஸு என்று எண்ணும் அவர்கள், மனிதரை எண்ணும்போது ஹிதொரி, ஃபுதரி என்பர். ஒன்று, இரண்டு என்பதும் ஒருவர், இருவர் என்பதும் போன்றது இது. நீண்டு மெலிந்தவற்றுக்கு ஒரு சொல், தாள் போன்றவற்றுக்கு ஒரு சொல், சிறு விலங்குகளுக்கு ஒரு சொல் என்று அவர்கள் அங்கிருந்து மேலும் தொலைவு சென்றுவிடுகிறார்கள். அங்கே தமிழ் துணை வாராது, வருந்தித்தான் கற்க வேண்டும்.

அனி, அண்ணன் என்பன ஒத்து ஒலிப்பதைக் கண்டு, இரண்டும் ஒருதாய் மொழிகளோ என்று கேட்கத் தோன்றும். பேராசிரியர் சுசுமு ஓனோ அப்படித்தான் கருதினார். ஆண்டுகள் பலவற்றை அவ்வாராய்ச்சியில் செலவிட்டார். மொழியியலாருள் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. நமக்கு அவ்வழக்கில் தீர்ப்புக் கூற வேண்டிய தேவை இல்லை. உறவு இருப்பினும் இல்லாவிடினும் அமைப்பு ஒத்திருக்கிறது. கற்போருக்கு அது போதும்.

ஒலியிலும் நமக்கு இலாபம் உண்டு, இழப்பும் உண்டு. 'ஒபஸன்' என்றால் அத்தை. 'ஒபாஸன்' என்றால் பாட்டி. குறில் நெடில் அறியாதவர் அத்தையைப் பாட்டியாக்கிப் பகை தேடிக்கொள்வர். பல், பால் என்று பேசி வளர்ந்த காதுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதை மட்டும் நாம் ஏற்க மாட்டோம். இங்கே அச்சின் பொருட்டு நாம் அவ்வாறு எழுதுகிறோம், மாணவர் செய்யலாகாது. உண்டு என்னும் பொருளுடைய 'தபெதெ' என்ற சொல்லில் நடுவெழுத்து மெலிந்தும் கடையெழுத்து வலிந்தும் ஒலிக்க வேண்டும். நம் எழுத்தில் இரண்டும் மெலிந்துவிடுகின்றன. ஹிரகானா எழுத்துகள் நாற்பத்தாறே. அவற்றின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந என்று செல்வது. பௌத்தத் துறவியர் வழியே சென்ற இந்திய எழுத்து முறையின் அடிச்சுவடு அது. பத்து நாள் உழைத்தால் கைவந்துவிடும்.

அம்மையார்க்கு நாம் கூறுவது இதுதான். கதவு, சாளரம், நாற்காலி, குடை ஆகியவற்றின்மீது சீட்டு ஒட்டுங்கள். மேலே ஜப்பானியச் சொல், கீழே தமிழ்ச் சொல். மாமியாரை அவள் அருகில் உட்கார வைத்து, 'இது என்ன? அது என்ன?' என்று கேட்கச் செய்யுங்கள். ஜப்பானிய மொழி அறியாதவரே இந்த வேலைக்குத் தக்க ஆசிரியர்; அவர் விடையை முந்திக்கொண்டு சொல்லிவிட மாட்டார். சீட்டில் உள்ள தமிழைப் பார்த்துச் சரியா தவறா என்று கேட்பார். நாளைக்குப் பத்துச் சொல் போதும்.

மகனுடைய ஜெர்மன் மொழிக்கு வருவோம். இங்கே தமிழ் உதவுவது குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அஃறிணை என்று கூறும் மொழியை நம் திணையும் பாலும் எங்ஙனம் தாங்கும்? 'டேர் லொஃபெல்', 'டீ காபெல்', 'டாஸ் மெஸர்' என்று உணவு மேசையில் மூன்று பாலும் வரிசையாகக் கிடக்கின்றன. சிறுமியைக் குறிக்கும் 'மேட்சென்' என்னும் சொல் அஃறிணைப் பாலில் நிற்கிறது. சிறுமை காட்டும் விகுதி ஏற்ற பெயரெல்லாம் அங்ஙனமே நிற்கும் என்பது அவர்கள் விதி.

ஆயினும் மும்பையில் வளர்ந்த பிள்ளைக்கு வேறொரு துணை உண்டு. தெருவிலும் பள்ளியிலும் அவன் கற்ற மராத்தியில் தோ, தீ, தே என்று மூன்று பால் இருக்கிறதே! உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு என்னும் எண்ணம் அவனுக்குப் புதிதன்று. கதவை 'தோ' என்றும், நாற்காலியைத் 'தீ' என்றும், வீட்டைத் 'தே' என்றும் தயங்காமல் சொல்பவன், பெயரோடு பாலையும் சேர்த்துப் பழகும் வித்தையை அறிந்தவனே. பாலை அப்படியே பெயர்த்துவிடக் கூடாது என்பது மட்டும் எச்சரிக்கை. வீடு இரண்டிலும் அஃறிணைதான். ஆனால் கதவு ஜெர்மனில் பெண்பால், நாற்காலி ஆண்பால். எண்களிலும் மராத்தியே கைகொடுக்கும். 'ஐன் உண்ட் ஸ்வான்ஸிக்' என்றால் ஒன்றும் இருபதும். 'ஏக்வீஸ்' என்பதும் அதே வரிசை. தமிழும் ஆங்கிலமும் இருபதை முன்னே வைப்பதால், அவற்றின் வழியே கேட்பவர் தொலைபேசி எண்ணைத் தலைகீழாகக் குறித்துக்கொள்வர்.

ஆங்கிலத்தின் பங்கையும் மறைக்கலாகாது. ஜெர்மனும் ஆங்கிலமும் ஒரு குடும்பத்தவை. நீர், வீடு, புத்தகம், ரொட்டி முதலிய பல சொற்கள் முகச்சாயல் மாறாமல் வருகின்றன. ஆனால் 'கிஃப்ட்' என்று ஒரு புட்டியின்மேல் எழுதியிருந்தால் அன்பளிப்பு என்று மகிழ்ந்து திறந்துவிட வேண்டா. ஜெர்மனில் அது நஞ்சு.

தொகைச் சொற்களுக்குத் தமிழே மீண்டும் நல்ல துணை. 'ஃபெர்ன்' என்றால் தொலை, 'செயென்' என்றால் காணுதல். இரண்டும் சேர்ந்த 'ஃபெர்ன்செயர்' நம் தொலைக்காட்சிப் பெட்டி. கைக்குரிய செருப்பு என்பதே அவர்கள் கையுறைக்கு வைத்த பெயர். குளிர் அலமாரி என்றால் என்னவென்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

ஜெர்மானியர் ஒருவர் நம் மொழியைக் கற்ற வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதினார். ஆசிரியருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. பின்னர் போர்த்துகீசியம் முதலிய மொழிகளை அறிந்த தமிழர் ஒருவரைத் துணையாகக் கொண்ட பின்னரே சொற்கள் விளங்கின. பத்தே ஆண்டுகளில், 1716-இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சாயிற்று. தாம் முன்பே அறிந்த எந்த மொழியையும் அவர் வாயிலுக்கு வெளியே நிறுத்தவில்லை.

மகனுக்குச் செய்முறையாக இரண்டு சொல்கிறோம். பெயர்ச்சொல் எதையும் தனியே எழுத வேண்டா. 'டேர்', 'டீ', 'டாஸ்' என்பவற்றுள் உரியதைச் சேர்த்தே எழுதுக. நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று மைகளை வைத்துக்கொண்டால் பால் கண்ணிலேயே பதியும். பிந்திச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர் இருநூறு சொற்களை மறுபடியும் முதலிலிருந்து படிக்க நேரும்.

மற்றொன்று மணி பற்றியது. ஆறரை என்று நாம் சொல்லும்போது ஆறு கழிந்து அரை என்கிறோம். ஜெர்மானியரோ அதனை 'ஹால்ப் ஸீபென்' என்பர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அரை ஏழு', அதாவது ஏழை நோக்கிப் பாதி வழி. தமிழ்க் காது ஏழு என்னும் எண்ணைக் கேட்டதும் ஏழரை என்று குறித்துக்கொள்ளும். தொலைபேசியில் நேர்காணலுக்கு மணி குறிக்கப்படும்போது இவ்வாறு நேர்ந்தால் ஒரு மணி நேரம் போயிற்று. ஆகவே கேட்டவுடன், '18.30 மணிக்கா?' என்று ஜெர்மன் எண்களாலேயே திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும். புகைவண்டி அட்டவணைகளிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும்.