உயில் எழுதிய கை

உயில் எழுத வருகிறவர் வக்கீலிடம் எதையும் மறைக்க முடியாது. எந்த மகன் மேல் நம்பிக்கையில்லை, எந்த மருமகள் கைக்கு வீடு போகக்கூடாது, யாருக்குத் தெரியாமல் யாருக்குப் பணம் சேர வேண்டும், அத்தனையும் மேசைக்கு வந்துவிடும். சிவில் வக்கீலாக இதை நித்தம் பார்க்கிற எனக்கு, அமெரிக்க நாவலாசிரியர் லூயிஸ் ஆக்கின்கிளாஸைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

1917-ல் பிறந்த இவர், நியூயார்க்கின் பழைய பணக்காரக் குடும்பங்களுக்கு உயிலும் அறக்கட்டளைப் பத்திரமும் எழுதிக்கொடுத்த வழக்கறிஞர். முழுநேரம் எழுதலாமென்று 1951-ல் தொழிலை விட்டார். 1954-ல் திரும்பி வந்தவர், 1986 வரை வால் ஸ்ட்ரீட் வக்கீலாகவே இருந்துகொண்டு எழுதினார். வாழ்நாளில் அறுபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள்.

பணக்காரர்களை விட்டால் எழுத வேறு ஆளில்லையா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அதற்குப் பதில் 1966-ல் வந்த 'தி எம்பெஸ்லர்' நாவலில் இருக்கிறது. அதன் மூலக்கதை நிஜத்தில் நடந்தது. 1929 அக்டோபர் 24, நியூயார்க் பங்குச்சந்தை சரிந்துகொண்டிருந்த நேரம். ரிச்சர்ட் விட்னி என்ற பங்குத் தரகர் கூட்டத்துக்குள் நிதானமாக நடந்துபோய், யு.எஸ். ஸ்டீல் பங்கு ஒன்றுக்கு 205 டாலர் என்று சந்தை விலைக்கு மேல் கேட்டார். ஊரே அவரை ரட்சகன் என்றது; அடுத்த ஆண்டே பங்குச்சந்தைத் தலைவரானார். 1938-ல் சிங் சிங் சிறைக்குப் போனார். இறந்த தரகர்களின் குடும்பங்களுக்கென்று இருந்த நிதியிலேயே கைவைத்திருந்தார். ஆக்கின்கிளாஸ் படித்த க்ரோட்டன் பள்ளியில் படித்தவர்தான் இவரும்.

நாவலில் திருடியவன், அவன் நண்பன், அவனை விட்டு அந்த நண்பனை மணந்த மனைவி என மூவரும் ஆளுக்கொரு வாக்குமூலம் தருகிறார்கள். ஒன்று மற்றொன்றுக்கு ஒத்துவராது. தீர்ப்பை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். 'நம்ம ஆள்' என்ற ஒரே காரணத்துக்காகக் கணக்குக் கேட்காமல் விட்டவர்களும் இந்த விசாரணையில் தப்புவதில்லை. பணக்காரனைத் திட்டி எழுத யாராலும் முடியும். அவன் வட்டாரம் எப்படி ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்கிறது என்று காட்ட, உள்ளே இருந்து பத்திரம் பார்த்த கண் வேண்டும்.

சக வக்கீல்களுக்கு ஒரு வார்த்தை. கட்சிக்காரரின் ரகசியம் நம்மோடு போகட்டும். சொத்து மனிதர்களை என்னவெல்லாம் செய்யவைக்கிறது என்று நாம் கண்டது மட்டும் நம்மோடு போகவேண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கோர்ட்டுக்குப் போய்வருகிற காலத்திலேயே எழுதுங்கள்.