ரகசியம் எதுவரை?



மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போனவர்களுக்குக் குண்டலுபேட்டை என்றதும் சாலையோரச் சூரியகாந்தி வயல்தான் நினைவுக்கு வரும். வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். இரவு ஒன்பது மணிக்குப் பந்திப்பூர் காட்டுச் சாலையை அடைத்துவிடுவார்கள் என்பதால் அந்த ஊரில் நமக்கு எப்போதும் அவசரம். 1997-இல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது குண்டலுபேட்டை. ஊட்டிச் சாலையும் வயநாட்டுச் சாலையும் பிரிகிற இடம் அது. கன்னடம், தமிழ், மலையாளம் மூன்றும் ஒரே டீக்கடையில் காதில் விழும்.

இந்த மாதம் மனநல ஆலோசகர்களைப் பற்றி எழுத நினைத்தபோது பெருநகரத்தை விட்டுவிட்டு இந்த ஊரை மனத்தில் வைத்துக்கொண்டேன். “சாகணும்போல இருக்கு” என்று ஒருவர் வந்து சொன்னால், கேட்கும் ஆலோசகருக்கு என்னென்ன கடமைகள்? பாடப்புத்தகத்தில் விடை இருக்கிறது. ஆனால் அந்த விடை படும் பாடு சின்ன ஊரில்தான் தெரியும்.

முதல் கேள்வியை ஆலோசகர் கேட்பதில்லை, வருகிறவர்தான் கேட்கிறார்: “உங்ககிட்ட சொன்னா வீட்டுக்குத் தெரிஞ்சிடாதா?” பெங்களூரில் இது ஒரு சந்தேகம். குண்டலுபேட்டை அளவு ஊரில் நியாயமான பயம். ஆலோசகரின் அறை எந்த மாடியில் இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். ஆலோசகரின் மைத்துனர் உரக்கடை வைத்திருப்பார், வந்தவரின் அப்பாவுக்கு அங்கே பாக்கி இருக்கும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 23-ஆம் பிரிவில் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை வெளியிடக் கூடாது என்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு. அந்த விலக்குக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: ஆபத்தைத் தடுக்க எவ்வளவு சொன்னால் போதுமோ அவ்வளவுதான் சொல்லலாம். நல்ல ஆலோசகரையும் மற்றவரையும் பிரித்துக் காட்டுவது இந்த அளவுதான் என்பது என் எண்ணம்.

ஒரு கல்லூரிப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். காதல் விஷயம், வீட்டில் அடி, சாவு எண்ணம். மூன்றையும் சொல்லி அழுகிறாள். அன்று இரவு அவள் தனியாக இருக்கக் கூடாது என்பது ஆலோசகருக்குத் தெரிகிறது. அடித்த கையையே காவலுக்கு வைக்க முடியாது. எனவே யாரிடம் சொல்வது என்பதே முதல் முடிவு. அம்மாவா, சித்தியா என்று அந்தப் பெண்ணையே கேட்க வேண்டும். பிறகு அவள் எதிரிலேயே பேச வேண்டும்: “ரொம்பக் கஷ்டத்துல இருக்கா. இன்னிக்கு ராத்திரி கூடவே இருங்க. வீட்ல இருக்கிற பூச்சிமருந்தை வெளியில எங்கேயாவது வெச்சுப் பூட்டிடுங்க. நாளைக்குக் காலையில இங்கே கூட்டிட்டு வாங்க.” இதில் காதலனின் பெயர் எங்கே வருகிறது? எங்கும் வராது, வரவும் கூடாது. ‘பெத்தவங்களாச்சே, எல்லாம் தெரியணும்’ என்று முழுக்கதையையும் கொட்டிவிடுகிற ஆலோசகர், ஓர் ஆபத்தைத் தடுக்கப் போய் இன்னொன்றைக் கூட்டி வருகிறார். அந்தப் பெண் மறுபடி யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். “நீங்க சொல்றது என்கிட்டதான் இருக்கும். உங்க உயிருக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா மட்டும் ஒருத்தர்கிட்ட சொல்வேன். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.” இப்படிச் சொன்னால் மனம் திறக்க மாட்டார்களே என்று சிலர் தயங்குகிறார்கள். எல்லையே இல்லை என்று நம்பவைத்துவிட்டு பிறகு மீறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எல்லைப்புற ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றைப் பலரும் யோசிப்பதில்லை. கூலி வேலைக்கு வந்த தமிழ்ப் பெண், கன்னடம் மட்டும் தெரிந்த ஆலோசகர். நடுவில் மொழிபெயர்க்க யார்? பெரும்பாலும் கூட வந்த கணவர், அல்லது அங்கே பள்ளிக்கூடம் போய்க் கன்னடம் கற்றுக்கொண்ட மகன். அம்மாவின் சாவு எண்ணத்தைப் பத்து வயதுப் பையன் வாயால் கேட்டு வாங்குவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது. கணவர்தான் துயரத்துக்குக் காரணம் என்றால் அவர் மொழிபெயர்ப்பில் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. மொழி தெரிந்த செவிலியரைத் தேடலாம். அதுவும் இல்லையென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி வழியே தமிழ் பேசும் ஆலோசகரிடம் இணைத்துவிடலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய அந்தச் சேவைக்குத் தலைமை மையமே பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம்தான்.

நேராகக் கேட்பதும் கடமையில் சேர்ந்தது. “உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?” என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்ற பயம் நம்மில் ஆழமாக இருக்கிறது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. கேட்டதும் பலருக்கு ஒரு மூச்சு விட்ட நிம்மதிதான் கிடைக்கிறது.

நம்மவர்கள் மிகவும் நம்பும் ஒன்று சத்தியம் வாங்குவது. “என் தலையில கை வெச்சுச் சொல்லு, இனிமே அப்படி நினைக்க மாட்டேன்னு.” மேல்நாட்டிலும் ஒரு காலத்தில் இதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அது உயிரைக் காத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சத்தியத்தால் நிம்மதி அடைவது வாங்கியவர்தான். கொடுத்தவருக்கோ, அடுத்த முறை எண்ணம் வரும்போது அதைச் சொல்ல வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. இப்போது ஆலோசகர்கள் வேறொன்றைச் செய்கிறார்கள். மனம் எப்போது கனக்கத் தொடங்குகிறது, அப்போது யாரைக் கூப்பிடுவது, வீட்டிலிருந்து எதை அப்புறப்படுத்துவது என்று வந்தவரோடு உட்கார்ந்து அவர் சொற்களிலேயே எழுதிக் கொடுக்கிறார்கள்.

அப்புறப்படுத்துவது சின்ன விஷயம் இல்லை. இலங்கை 1995 தொடங்கிக் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. அடுத்த 20 ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவில் பகுதியில், டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பினர், மருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முயற்சியைச் செய்து பார்த்தார்கள். விவசாயத்தை நம்பி வாழும் குண்டலுபேட்டை போன்ற தாலுகாவில் ஓர் ஆலோசகர் முதலில் விசாரிக்க வேண்டியது பூச்சிமருந்துப் பெட்டியின் சாவி யாரிடம் என்பதைத்தான்.

அப்புறம் திரும்ப விசாரிப்பது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சென்னையும் கொழும்பும் அதில் இருந்தன. உயிரை விட முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு. முதல் பிரிவில் 18 பேர் தற்கொலையால் இறந்தார்கள், இரண்டாவதில் 2 பேர். மாத்திரையைவிட மலிவான வேலை! ஆனால் ‘வந்தால் பார்ப்போம்’ என்று இருக்கிற பழக்கத்தை மாற்றுவது அவ்வளவு மலிவு இல்லை.

தன்னால் முடியாததை ஒத்துக்கொள்வதும் அறம்தான். கர்நாடகத்தில் ‘மனோசைதன்யா’ திட்டத்தில் செவ்வாய்க்கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு நடக்கிறது. ஆபத்து செவ்வாய்க்கிழமை பார்த்து வருமா? வியாழக்கிழமை இரவு பத்து மணிக்கு சாமராஜநகருக்கா, 60 கிலோமீட்டர் தள்ளி மைசூருக்கா, எந்த ஆஸ்பத்திரியில் யார் இருப்பார்கள் என்று ஆலோசகர் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அனுப்பியதோடு கைகழுவிவிடாமல் மறுநாள் போன் செய்ய வேண்டும். தகுதி இல்லாதவர் அந்த வேலையில் உட்காராமல் இருப்பதும் இதே அறம்தான். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு ஓர் ஆலோசகராவது வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் விளையாட்டு ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து ‘ஆலோசகர்’ என்று பலகையை மாட்டிவிடுவார்களோ என்று எனக்குக் கவலை.

தற்கொலைக்கு முயன்றதைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று இன்னமும் சிலர் உண்மையை மறைக்கிறார்கள். 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலை முதல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. ஆலோசகர் இதைக் குடும்பத்தாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

நம் பத்திரிகை அலுவலகத்துக்கும் சாவு எண்ணத்தைச் சொல்லும் கடிதங்கள் எப்போதாவது வருவதுண்டு. அவற்றைப் பெயர் மாற்றிக்கூட அச்சிட மாட்டோம். பதில் எழுதுவோம். கடிதம் போய்ச் சேர நாளாகும் என்பதால் இதைப் படிக்கும்போதே அந்த நிலையில் இருப்பவர்களுக்கு: டெலி மானஸ் 14416, சிநேகா 044-24640050. இரண்டிலும் தமிழில் பேசலாம், எந்த நேரத்திலும்.

அன்புடன்,
ஆசிரியர்