முதலில் யார் சொல்வது?



2012 ஜூலை 25. நம்ம தாம்பரம் பக்கத்து முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்தாள். அதே பேருந்தின் சக்கரம் ஏறி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகளும் வந்தன.

இதை அம்மா சொன்னபோது எனக்குத் தோன்றிய கேள்வி: தகடு ஒரே நாளில் இத்துப் போகுமா? "மேலே இருக்கறவங்க பார்த்துக்குவாங்க"ன்னு எத்தனை பேர் சும்மா இருந்திருப்பாங்க?

கேட்க எனக்கு என்ன தகுதி? போன வருஷம் நான் போன வேனில் கதவு சரியா மூடாது. கயிறு போட்டுக் கட்டியிருப்பார் டிரைவர் அண்ணன். "ஒண்ணும் ஆகாது, உட்காருங்க" என்பார். பதினாலு பேரும் உட்கார்ந்தோம். நானும்தான்!

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை தொடங்கினார். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால், சுவிட்சைத் தட்டி ஷாக் கொடுக்க வேண்டும். தப்புக்குத் தப்பு அளவு கூடும். உண்மையில் ஷாக் கிடையாது, அவர் நடித்தார். தட்டியவர்களுக்கு அது தெரியாது. கோட்டு போட்டவர் "தொடருங்கள்" என்றதும், 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். பலர் வேர்த்து நடுங்கிக்கொண்டே தட்டினார்கள்.

இன்னொரு முறை, கூட இருந்த இரண்டு பேர் "எங்களால் முடியாது" என்று விலகினார்கள். அப்போது கடைசி வரை போனது 40-ல் 4 பேர்தான்!

எங்கள் வேனிலும் இதேதான் நடந்தது. ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி, "அண்ணா, கதவைச் சரி பண்ணுங்க, இல்லேன்னா அப்பாகிட்ட சொல்லுவேன்" என்றாள். அப்புறம்தான் எங்களுக்கும் வாய் வந்தது. ரெண்டே நாளில் புதுத் தாழ்ப்பாள் வந்தது.

பெரியவங்க பேச்சைக் கேட்க வேண்டாம்னு நான் சொல்ல வரவில்லை. தப்பைத் தப்புன்னு சொல்வது எதிர்த்துப் பேசுவது ஆகாது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் கை தூக்குபவரை "அதிகப்பிரசங்கி" என்று உட்கார வைத்துவிடாதீர்கள். அவர் உட்கார்ந்தால் வகுப்பே உட்கார்ந்துவிடும்.

அடுத்த தடவை நான் ஆறாம் வகுப்புக்காகக் காத்திருக்க மாட்டேன். நீங்க?

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு